கால்மணிக் கணக்கும் காவிரிக் கணக்கும்

நெய்வேலிக்காரர்களுக்கு 1956 முக்கியமான வருஷம். அந்த நவம்பர் 14-ஆம் தேதிதான் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஒரு கம்பெனியாகப் பதிவானது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், நவம்பர் 1 அன்று, மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. அதற்கும் முன்னால் ஆகஸ்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன் பெயர் மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டம். மாநிலங்களைப் பிரிப்பதற்குள்ளேயே, பிரிந்தவர்கள் தண்ணீருக்காகச் சண்டை போடுவார்கள் என்று டெல்லிக்குத் தெரிந்திருக்கிறது. சொத்துப் பாகம் பிரிக்கும்போது கிணற்றுப் பங்கை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்துப் பெரியவர்களுக்கும் தெரியும்.

இந்த மூன்றில் முதலாவதைப் பற்றி இங்கே நிறைய எழுதியாகிவிட்டது. மூன்றாவதைப் பற்றி எழுதச் சொல்லி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நான் வக்கீல் இல்லை. இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவன். ஆனால் என் தம்பி காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் பாசனத்தில் நெல் போடுகிறவன். ஆகவே இந்த வழக்கைப் பேப்பரில் வரும் செய்தியாக மட்டும் படிக்க எனக்கு வாய்க்கவில்லை.

நீங்களும் நானும் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போனால், கடைசியில் அமீனா வருவார், ஜப்தி நடக்கும், விஷயம் முடியும். ஒரு மாநிலத்தின் மேல் இன்னொரு மாநிலம் வழக்குப் போட்டு ஜெயித்தால் யார் போய் ஜப்தி செய்வது? அணையின் ஷட்டரைத் திறக்க எந்த அமீனா போவார்? தீர்ப்பு எழுதுவது ஒரு வேலை. அதை நடக்க வைப்பது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கு வழி தேடியதுதான் இருநூறு வருஷத்துக்கும் மேலான கதை.

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்திடமிருந்து பிரிந்த 13 மாநிலங்கள் முதலில் ஒரே நாடாகச் சேரவில்லை. ஒரு தளர்ந்த கூட்டமைப்பாகத்தான் சேர்ந்தன. 1781-இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய உடன்படிக்கையில், மாநிலங்களுக்குள் தகராறு வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒன்பதாவது ஷரத்து. நிரந்தரக் கோர்ட் கிடையாது. முதலில் இரண்டு தரப்பும் பேசி நடுவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் காங்கிரஸ் சபை மாநிலத்துக்கு மூன்று பேர் வீதம் பெயர் கொடுக்கும். அதிலிருந்து வாதி ஒரு பெயரை அடிப்பார், பிரதிவாதி ஒரு பெயரை அடிப்பார். இப்படியே 13 பெயர் மிஞ்சும் வரை அடித்துக்கொண்டே வர வேண்டும். அப்புறம் சீட்டுக் குலுக்கி ஏழு முதல் ஒன்பது பேர். அவர்களில் ஐந்து பேர் உட்கார்ந்தால் போதும், பஞ்சாயத்து கூடலாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஏரி மடைத் தகராறுக்குப் பஞ்சாயத்தார் பிடிக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான். “அவரு வேண்டாம், அவரு உங்க பங்காளி.” “அப்படின்னா இவரும் வேண்டாம்.” இரண்டு பேருக்கும் பகையில்லாதவர் என்று கடைசியில் மிஞ்சுகிறவரைத்தான் உட்கார வைப்பார்கள்.

அந்த ஒன்பதாவது ஷரத்தின்படி தீர்ப்பு வரை போன வழக்கு ஒன்றே ஒன்று. சஸ்குஹானா நதிக்கரையில் வயோமிங் என்ற பள்ளத்தாக்கு. இரண்டாம் சார்லஸ் மன்னர் 1662-இல் கனெக்டிகட்டுக்குக் கொடுத்த பட்டயத்திலும் அது வருகிறது, அதே மன்னர் 1681-இல் பென்சில்வேனியாவுக்குக் கொடுத்த பட்டயத்திலும் வருகிறது. ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுக்கும் ஆசாமிகள் நம் ஊரில் மட்டும் இல்லை. இரண்டு பக்கத்துக் குடியானவர்களும் துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டு, கடைசியில் டிரென்டன் நகரத்தில் ஐந்து நடுவர்கள் கூடினார்கள். 1782 டிசம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. நிலம் பென்சில்வேனியாவுடையது. ஐவரும் ஒரே மனதாகச் சொன்னார்கள். காரணம் மட்டும் சொல்லவில்லை. தீர்ப்பு சில வரிதான். காரணம் எதுவும் எழுதுவதில்லை, தீர்ப்பு எப்படி வந்தாலும் ஒரே மனதான தீர்ப்பு என்றே வெளியிடுவது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். அந்த ஐவரில் ஒருவரான சைரஸ் கிரிஃபின் பல வருஷம் கழித்துக் கடிதத்தில் எழுதியதால் இது தெரிய வந்தது.

கனெக்டிகட் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. அதுவரை சரி. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே வீடு கட்டி உழுதுகொண்டிருந்த கனெக்டிகட் குடும்பங்களின் பட்டா என்ன ஆகும் என்று தீர்ப்பு சொல்லவில்லை. அவர்களை வெளியேற்றப் பார்த்தார்கள், திரும்பவும் அடிதடி. அது அடங்க மேலும் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மாநிலங்களின் வழக்கு முடிந்தது, குடியானவனின் வழக்கு முடியவில்லை. எனக்கு இந்த வழக்கில் மனதில் நின்றது இதுதான்.

1787-இல் புது அரசியல் சட்டம் எழுதியபோது அமெரிக்கர்கள் இந்தச் சீட்டுக் குலுக்கலை எல்லாம் விட்டுவிட்டு, மாநிலங்களின் சண்டையை நேரே உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்தார்கள். 1907-இல் ஆர்க்கன்சாஸ் நதிக்காக கான்சாஸும் கொலராடோவும் மோதியபோது, மேல் மாநிலமானாலும் கீழ் மாநிலமானாலும் உரிமையில் சமம், தண்ணீரை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்ற கொள்கையை அந்த நீதிமன்றம் வகுத்தது. அந்தக் கொள்கை கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது காவிரி. சென்னை மாகாணம் பிரிட்டிஷார் நேரே ஆண்டது. மைசூர் ஒரு சமஸ்தானம். 1892-இல் இரண்டுக்கும் ஓர் ஒப்பந்தம்: மைசூர் புது அணை எதையும் கட்டுவதற்கு முன் சென்னையின் சம்மதம் வாங்க வேண்டும். சென்னையும் தன்னுடைய அனுபோக உரிமைக்குப் பங்கம் வந்தாலொழிய மறுக்கக் கூடாது. ஒத்துவராவிட்டால் மத்தியஸ்தம்.

மத்தியஸ்தம் சீக்கிரமே வந்தது. கண்ணம்பாடியில் பெரிய அணை கட்ட மைசூர் கிளம்பியது. அப்போது அங்கே தலைமை இன்ஜினியர் விஸ்வேஸ்வரய்யா. சென்னை சம்மதிக்கவில்லை. சென்னைக்கு மேட்டூரில் ஒரு திட்டம் இருந்தது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் மத்தியஸ்தராக வந்தார். (டிரென்டனில் ஒரு கிரிஃபின், இங்கே ஒரு கிரிஃபின். சொந்தமா என்று கேட்காதீர்கள்.) 1914-இல் அவர் கொடுத்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகம். இந்திய அரசு அதை 1916-இல் உறுதி செய்தது. சென்னை விடவில்லை, லண்டனுக்கு மேல்முறையீடு போனது. 1919-இல் லண்டனில் இருந்த இந்திய மந்திரி அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தார். ஒரு நதியின் கதி ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் மேஜையில் தீர்மானமானது.

கடைசியில் எது தீர்வாயிற்று? மத்தியஸ்தமும் இல்லை, லண்டனும் இல்லை. இரண்டு தரப்பு இன்ஜினியர்களும் உட்கார்ந்து, எந்த மாதம் அணைக்கு எவ்வளவு வந்தால் எவ்வளவு விட வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். 1924 பிப்ரவரி 18-ஆம் தேதி ஒப்பந்தம். அதன்படி கிருஷ்ணராஜசாகர் 44.8 டி.எம்.சி. கொள்ளளவில் எழும்பியது. மேட்டூர் 93.5 டி.எம்.சி. கொள்ளளவில் 1934-இல் முடிந்தது. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. இளைய வாசகர் யாராவது தப்பித் தவறி வந்தால் அவர்களுக்காக.) ஐம்பது வருஷம் கழித்து மறுபரிசீலனை என்று அதில் ஒரு வரி இருந்தது. 1924-இல் கையெழுத்துப் போட்டவர்களுக்கு 1974 ரொம்ப தூரம்.

இதற்கு நடுவில் 1935 இந்திய அரசுச் சட்டம் வந்தது. மாகாணங்களுக்குள் மற்ற வழக்கு என்றால் ஃபெடரல் கோர்ட். ஆற்றுத் தண்ணீர் என்றால் மட்டும் கோர்ட் கூடாது, கவர்னர் ஜெனரல் நிபுணர் கமிஷன் போடுவார் என்று அதில் பிரித்து வைத்தார்கள். சிந்து நதிக்காக சிந்து மாகாணம் பஞ்சாப் மேல் புகார் கொடுத்தபோது அப்படி வந்ததுதான் பி.என்.ராவ் கமிஷன். நான் முன்பு சொன்ன அந்த அமெரிக்கக் கொள்கை இவர் வழியாகத்தான் இங்கே கால் ஊன்றியது. 1942-இல் அறிக்கை கொடுத்தார். அதே ராவ்தான் பிறகு நம் அரசியல் நிர்ணய சபைக்கு ஆலோசகர். ஆகவே அரசியல் சட்டத்திலும் அதே பிரிவினை. மாநிலங்களின் மற்ற வழக்குக்கு 131-ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றம். தண்ணீருக்கு 262-ஆவது பிரிவு. கோர்ட்டின் அதிகாரத்தைப் பாராளுமன்றம் விலக்கி வைக்கலாம். அந்த அதிகாரத்தில் பிறந்ததுதான் நம் 1956 சட்டம். அதன்படி ஒரு மாநிலம் கேட்டால், பேச்சு வார்த்தையில் தீராது என்று மத்திய அரசு கருதினால், நடுவர் மன்றம்.

“மத்திய அரசு கருதினால்.” இந்த மூன்று வார்த்தையில் கிட்டத்தட்ட இருபது வருஷம் போயிற்று. 1971-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பேசித் தீர்க்கலாம் என்று 1972-இல் வழக்கை வாபஸ் வாங்கியது. பேசினார்கள். உண்மை அறியும் குழு வந்தது, 1974 வந்தது, போனது. பேச்சு நடந்துகொண்டே இருந்தது. 1983-இல் தஞ்சை விவசாயிகள் சங்கத்தார் தாங்களே உச்ச நீதிமன்றம் போனார்கள். மன்னார்குடி ரங்கநாதன் அதற்காக அலைந்தது டெல்டாக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில்தான் 1990 மே 4-ஆம் தேதி நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஜூன் 2 அன்று மன்றம் அமைந்தது. இரண்டு அரசாங்கங்கள் வாய்தா வாங்கிக்கொண்டிருந்த வழக்கை நகர்த்தியது குடியானவர்கள் போட்ட மனு. டிரென்டனில் யாரும் குடியானவனைக் கேட்கவில்லை. இங்கே அவனே போய்க் கதவைத் தட்டினான்.

1991 ஜூன் 25 அன்று இடைக்கால உத்தரவு: வருஷத்துக்கு 205 டி.எம்.சி. கர்நாடகம் ஒரு மாதத்துக்குள் அவசரச் சட்டம் போட்டு உத்தரவைச் செல்லாததாக்கப் பார்த்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆக முடியாது என்று நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிசம்பரில் உத்தரவு கெஜட்டில் வந்தது. அடுத்து பெங்களூரில் கலவரம். அங்கிருந்து கைக்குழந்தையோடு ரயிலேறி வந்த தமிழ்க் குடும்பங்களை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டோம்.

அந்த டிசம்பரில் எங்கள் ஷிப்டில் மண்டியாக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர். டவுன்ஷிப்பில் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் சில நாள் கேன்டீனுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஒரு நைட் ஷிப்டில் நானே டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்ன சார், தம்பிக்கு நடவு முடிஞ்சுதா?” என்றார்.

“முடிஞ்சுது சார். தண்ணிதான் எப்படின்னு தெரியல.”

“எங்கப்பாவுக்கும் கரும்பு நிக்குது சார். கண்ணம்பாடி வாய்க்கால்தான். 1892-ல யாரு சார் எங்களைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாங்க? வெள்ளைக்காரன் ஒரு பக்கம், அவனுக்குக் கப்பம் கட்டற ராஜா ஒரு பக்கம். அது ஒப்பந்தமா?”

“சரி சார், ஆயிரம் வருஷமா நெல்லு போடற நிலத்தை இனிமே காயப் போடுன்னு சொன்னா அது நியாயமா?”

அவர் பதில் சொல்லவில்லை. நானும் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பேனலில் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தோம். சட்டப் புத்தகத்தில் ‘அனுபோக உரிமை’, ‘சம உரிமை’ என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு கேள்விதான் கேட்கிறது. இரண்டும் சரியான கேள்வி என்பதுதான் கஷ்டம்.

2002-ஐ நெய்வேலியில் இருந்த யாரும் மறக்க முடியாது. மழை பொய்த்த வருஷம். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போனது. தம்பி சம்பாவுக்கு விதை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உச்ச நீதிமன்றம் ஒரு அளவு சொன்னது, பிரதமர் தலைமையிலான காவிரி ஆணையம் அதைக் குறைத்தது, அதுவும் வரவில்லை. உத்தரவை மீறியதற்காக முதலமைச்சர் எஸ்.எம்.கிருஷ்ணா பிறகு உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. மன்னிப்பு வந்தது, வராத தண்ணீர் வராததுதான்.

அக்டோபர் 12 அன்று பாரதிராஜா தலைமையில் திரையுலகமே நெய்வேலிக்கு வந்தது. தண்ணீர் தராத கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் எதற்கு என்பது கோரிக்கை. (ரஜினிகாந்த் இதற்கு வராமல் மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார். அதைப் பற்றி டவுன்ஷிப்பில் பேசிய பேச்சு தனிக் கதை.) அன்று சாலையெல்லாம் தலை. பக்கத்து கிராமத்து ஜனங்கள் கட்டுச்சோறோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் நடிகர்களைப் பார்க்க வந்தவர்கள் என்று சொல்வது சுலபம். வயல் காய்ந்தவர்களும் இருந்தார்கள்.

அன்று எனக்கு மதிய ஷிப்ட். உள்ளே போனால் வழக்கமான வேலை. இரண்டாம் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் தென்மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் பங்கு உள்ளது. முதலாம் நிலையம்தான் அப்போது முழுக்கத் தமிழ்நாட்டுக்கு இருந்தது. சேலம் வழியாக பெங்களூர்ப் பக்கம் போகும் 400 கிலோவோல்ட் லைனைத் திறந்துவிட்டால் கர்நாடகத்துக்கு மட்டும் நிற்குமா? நிற்காது. எல்லாம் ஒரே கிரிட். மின்சாரம் எந்த வழி கிடைக்கிறதோ அந்த வழியில் போகும். வெளியில் இருந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்காது. எந்த யூனிட் எவ்வளவு ஓட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லும் தென்மண்டல மின்பகிர்மான மையம் இருப்பதே பெங்களூரில்தான். கர்நாடகத்துக்கு மின்சாரத்தை நிறுத்து என்று வாசலில் கோஷம். உள்ளே பெங்களூரிலிருந்து போன்: “நெய்வேலி, எவ்வளவு ஓட்டறீங்க?” நாங்களும் சொன்னோம்.

இங்கே கொஞ்சம் என் தொழிலைப் பேச விடுங்கள், விஷயத்துக்குத் தேவை. மின்சாரத்திலும் மாநிலங்களுக்குள் சண்டை உண்டு. பங்குக்கு மேல் இழுப்பார்கள். கிரிட் ஃப்ரீக்வென்சி 50 இருக்க வேண்டிய இடத்தில் 48.5-ஐ ஒட்டி இறங்கும். நாங்கள் போனில் கத்துவோம். பெங்களூர் மையம் எல்லா மாநிலத்தையும் பார்த்துக் கத்தும். யாரும் கேட்பதில்லை. 2003 ஜனவரி 1 முதல் தென்மண்டலத்தில் ஒரு புது முறை வந்தது. ஒரு நாளை 96 கால்மணி நேரமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கால்மணிக்கும் இந்த மாநிலத்துக்கு இவ்வளவு என்று முதல் நாளே அட்டவணை. அதிகமாக இழுத்தால், அந்த நேரத்து ஃப்ரீக்வென்சி எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு ரேட் ஏறும். வாரத்துக்கு ஒரு தரம் பில். ஒவ்வொரு லைனிலும் மெயின் மீட்டர், அதைச் சரிபார்க்க செக் மீட்டர். சில வாரத்தில் கத்தல் குறைந்தது, ஃப்ரீக்வென்சி ஏறியது. எந்த முதலமைச்சரும் மனம் மாறவில்லை. எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை. மீட்டர் வந்தது, பில் வந்தது.

சினிமாக்காரர்கள் வந்து போய் மூன்று மாதத்துக்குள் இது நடந்தது. தமிழ்நாடும் கர்நாடகமும் ஆற்றுத் தண்ணீருக்கு வருஷக் கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தன. அதே இரண்டு மாநிலங்கள் மின்சாரத்தில் கால்மணிக்குக் கால்மணி கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தன. காவிரிக்கும் மீட்டர் இல்லாமல் இல்லை. எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. ஆனால் அந்த அளவைப் பார்த்து உடனே எதுவும் செய்கிறவர் கிடையாது. ஜூன் மாதக் குறைவுக்கு ஆகஸ்டில் மனு, அக்டோபரில் விசாரணை. நெல்லுக்கு வாய்தா கிடையாது.

தண்ணீரை மின்சாரம் மாதிரி நடத்த முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. மின்சாரம் குறைந்தால் காசு கொடுத்து வேறு இடத்தில் வாங்கலாம், அபராதம் கட்டலாம். தண்ணீருக்கு ரேட் போட்டால் இரண்டு பக்கத்திலும் தீ வைத்துவிடுவார்கள். அதில் நியாயமும் உண்டு. யாரிடம் காசு இருக்கிறதோ அவனுக்கே ஆறு என்றாகிவிடும். நான் சொல்வது கணக்கைப் பற்றி மட்டும்தான்.

நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-இல் வந்தது. 16 வருஷமும் 8 மாதமும் ஆயிற்று. டிரென்டன் நடுவர்கள் சில வரியில் முடித்தார்கள், இவர்கள் ஐந்து பாகம் எழுதினார்கள். மொத்தம் 740 டி.எம்.சி. என்று வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. எல்லையில் கர்நாடகம் விட வேண்டியது 192. அது கெஜட்டில் வர மேலும் ஆறு வருஷம். 2013 பிப்ரவரியில் வந்தது.

தண்ணீர் வழக்கில் கோர்ட்டுக்கு வேலை இல்லை என்று சட்டம் சொன்னாலும், மேல்முறையீட்டை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொல்லிவிட்டது. 2018 பிப்ரவரி 16-இல் தீர்ப்பு. 192 என்பது 177.25 ஆனது. பெங்களூர்க் குடிநீருக்கும், தமிழ்நாட்டு நிலத்தடி நீர்க் கணக்குக்கும் என்று குறைத்தார்கள். 1892, 1924 ஒப்பந்தங்கள் வெள்ளைக்காரன் திணித்தது, செல்லாது என்ற கர்நாடகத்தின் வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் 1924 ஒப்பந்தம் 50 வருஷத்தோடு முடிந்தது என்றார்கள். ஆக, எங்கள் மண்டியா நண்பர் கேட்டதற்குப் பாதியும் நான் கேட்டதற்குப் பாதியும் பதில் கிடைத்தது. ஆறு எந்த மாநிலத்துக்கும் சொந்தம் இல்லை என்றும் சொன்னார்கள். தம்பியிடம் இதைச் சொன்னேன். “சொந்தம் இல்லேன்னா சரிதான் அண்ணே, ஆனா 14 டி.எம்.சி. கம்மி ஆயிடுச்சே” என்றான். சரியாகச் சொன்னால் 14.75.

அந்த ஏப்ரலில் மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லி மறுபடி நெய்வேலிக்கு முற்றுகை வந்தது. மறுபடி அதே மின்சாரக் கோரிக்கை. ஜூன் 1 அன்று கெஜட்டில் திட்டம் வந்தது. டெல்லியில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம், அதன் கீழே ஒழுங்காற்றுக் குழு. பத்து நாளுக்கு ஒரு கணக்கு. அணை அணையாக எவ்வளவு வந்தது, எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு விட்டார்கள் என்று எல்லா மாநிலத்து இன்ஜினியர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒழுங்காற்றுக் குழுவின் தலைமையிடம் பெங்களூர் என்று கெஜட்டில் படித்ததும் எனக்கு எங்கள் கன்ட்ரோல் ரூம் போன்தான் ஞாபகம் வந்தது. பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. கணக்கு எழுதுகிறவர் எந்த ஊரில் உட்கார்ந்தால் என்ன, நம் ஆளும் பக்கத்தில் உட்கார்ந்து அதே மீட்டரைப் பார்த்தால் போதும்.

1924-இல் வேலை செய்ததும் இதுதான், மாத அட்டவணை. 94 வருஷம் வழக்காடி, மாத அட்டவணையிலிருந்து பத்து நாள் அட்டவணைக்கு வந்திருக்கிறோம். கால்மணி ஆக வேண்டாம், மடை திறக்கிறவனுக்குப் பத்து நாள் போதும்.

அந்த வருஷமே வருண பகவான் வேடிக்கை காட்டினார். ஜூலையில் மேட்டூர் நிரம்பியது. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் போயின. பங்குக்கு மேல் எத்தனையோ மடங்கு தண்ணீர் கடலுக்குப் போனது. நல்ல வருஷத்தில் யாருக்கும் ஆணையமும் வேண்டாம், குழுவும் வேண்டாம்.

பரீட்சை 2023-இல் வந்தது. மழை குறைவு. ஒழுங்காற்றுக் குழுவும் ஆணையமும் விநாடிக்கு 5,000 கன அடி விடச் சொன்னார்கள். தமிழ்நாடு போதாது என்றது, கர்நாடகம் முடியாது என்றது. இரண்டு பேரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். நிபுணர்கள் பார்த்துச் சொன்னதில் தலையிட மாட்டோம் என்று செப்டம்பர் 21-இல் கோர்ட் ஒதுங்கிக்கொண்டது. அடுத்த வாரம் பெங்களூரில் ஒரு பந்த், கர்நாடகம் முழுக்க ஒரு பந்த். பஸ் நின்றது. கல்லெறிந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரவில்லை. 1991-ஐப் பார்த்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் பஞ்ச வருஷத்தில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு இரண்டு மாநிலமும் ஒப்புக்கொண்ட சூத்திரம் இன்னும் கிடையாது. எல்லாச் சண்டையும் வருவது பஞ்ச வருஷத்தில்தான்.

2018 தீர்ப்பின் பங்கீட்டை 15 வருஷத்துக்கு மாற்றக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது 2033 வரை. மண்டியா நண்பர் ரிட்டயர் ஆகி ஊருக்கே போய்விட்டார். யுகாதிக்கு அவர் போன் செய்வார், பொங்கலுக்கு நான் செய்வேன். நலம் விசாரித்து முடித்ததும் இரண்டு பேரும் தவறாமல் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. அவர் மேட்டூர் எத்தனை அடி என்பார். நான் கண்ணம்பாடி எத்தனை அடி என்பேன். இரண்டு பேருக்குமே அடுத்தவர் அணையின் நீர்மட்டம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.